கீழ்ப்பார்வை என்று நான் குறித்த கண்கள்

இங்கே நான் கண்ணால் கண்டவற்றையும், கண்டதைப் பின்னர் ஒருமுறையேனும் சரிபார்த்துக்கொண்டவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். இதற்குக் காரணம் உண்டு. பொய்க் குறிப்பு இடுவது ஏறத்தாழ ஏழு மாதங்கள் என் அன்றாட வேலையின் ஒரு பகுதியாக இருந்தது. ஒவ்வொரு குறிப்பும் ஒரு விசையழுத்தம்தான். ஆயினும் இடும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் நினைவுகளை எழுதப் புகும்போது, நிறம் கூட்டுவதற்கும் இடைவெளியை நிரப்புவதற்கும் எழுத்தாளர்க்கு உள்ள உரிமையை முன்னதாகவே துறந்துவிடுவது நன்று. பிறர் சொல்லக் கேட்டு, உறுதி செய்ய இயலாது போனவற்றை விட்டுவிட்டேன். சொல்லுக்குச் சொல் நினைவில் நிற்கும் பேச்சை மட்டும் அவ்வாறே தருகிறேன். மற்றப் பேச்சுகளின் பொருளைச் சொல்கிறேன். எவர் பெயரும் இதில் வராது.

செங்கற்பட்டில் ஒரு தனியார் பள்ளியில் பதினெட்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்தேன். மேல்வகுப்புகளில் தமிழை எடுப்போர் குறைந்தனர். என் பணியிடமும் இல்லாமற்போயிற்று. அதன்பின் கடற்கரைச் சாலையில், நெம்மேலிக்குச் சற்று வடக்கே இருந்த ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். சவுக்குத் தோப்புக்கும் சாலைக்கும் நடுவே நின்ற இரண்டு மாடிக் கட்டடம் அது. மாடியிலிருந்து கடல் தெரியும் என்றார்கள். ஆனால் திரையில் கூசும் என்று எல்லாச் சன்னல்களிலும் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள்; ஆகவே கடல் தெரிந்ததா என்பதை நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஓசை மட்டும் வரும்.

வேலை இதுதான். வண்டி ஓட்டுவோரின் முகத்துக்கு நேராகப் பொருத்திய சிறு கேமராக்கள் எடுத்த காட்சித் துண்டுகள் எங்களுக்கு வரும். ஆள் இன்னார் என்று அறியக் கூடாது என்பதற்காக நெற்றியையும் மூக்கு முதல் தாடை வரையிலும் சாம்பல் நிறப் பட்டையால் மறைத்திருப்பார்கள். பின்னால் உட்கார்ந்திருப்போரின் முகங்களும் கலங்கலாக்கப்பட்டிருக்கும். ஓட்டுநரின் முகத்தில் எஞ்சுவது புருவங்களும் கண்களும் மட்டுமே. ஒரு நொடிக்கு முப்பது படங்கள். அலுவலகத்தில் அவற்றை ஃப்ரேம் என்பார்கள். ஒவ்வோர் இமைப்பிலும் இமை இறங்கத் தொடங்கும் ஃப்ரேம், மூடி முடியும் ஃப்ரேம், முழுதும் திறந்த ஃப்ரேம் ஆகிய மூன்றையும் நாங்கள் குறிக்க வேண்டும். அந்தக் குறிகளைக் கொண்டு ஓர் இயந்திரத்துக்குத் தூக்கத்தை அடையாளம் காணக் கற்பிப்பார்கள். ஓட்டுபவர் கண்ணயர்ந்தால் வண்டிக்குள் அது ஒலியெழுப்பும்.

சேர்ந்த முதல் வாரம் என்னைப் பிடித்த அச்சத்துக்கு இன்றும் சரியான சொல் கிடைக்கவில்லை. கூடத்தில் முப்பதுக்கு மேற்பட்ட திரைகள். ஒவ்வொன்றிலும் முகமற்ற ஒரு சோடிக் கண்கள். நாங்கள் ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்துவதால் அவை மிக மெதுவாக மூடும், பாதியில் நிற்கும், நாங்கள் மீண்டும் விசையை அழுத்தும்வரை அந்தப் பாதியிலேயே நிற்கும். தண்ணீர் குடிக்க எழுந்து திரும்பினால், அத்தனை கண்களும் பாதி மூடியபடி ஒரே திக்கில் பார்த்துக்கொண்டிருக்கும்.

குற்றெழுத்து ஒலிக்கும் நேரத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தால் அளப்பது நம் இலக்கண மரபு. பதினெட்டு ஆண்டுகள் அதை வகுப்பில் சொல்லியிருக்கிறேன்; ஓர் இமையையேனும் கூர்ந்து பார்த்ததில்லை. அளவுக்கு உரியது இயல்பான இமைப்பு என்று முன்னோர் ஏன் வரையறுத்தனர் என்பது அந்த அலுவலகத்தில்தான் விளங்கியது. இயல்பல்லாத இமைப்பு அளவுகோலாகாது, அது நீளும். விழிப்போடு இருப்பவரின் இமை விரைந்து இறங்கி, அதைவிடச் சற்றே மெதுவாக ஏறும். ஆறேழு ஃப்ரேம்களில் எல்லாம் முடிந்துவிடும். களைப்பு ஏறும்போது முதலில் இமைப்பின் எண்ணிக்கை கூடுவதைப் பலரிடம் கண்டேன். பின்னர் ஒவ்வோர் இமைப்பும் நீளும். இறங்குவது தளரும், மூடிய நிலை நீடிக்கும், திறப்பது, கனமான கதவை உள்ளிருந்து யாரோ தள்ளுவதுபோல் இருக்கும். வேறொரு நிலையும் உண்டு. தூக்கத்தோடு போராடுகிறவர் சில வேளை இமைப்பதையே நிறுத்திவிடுவார். கண் அகலத் திறந்திருக்கும். அந்தக் கண்ணில் பார்வை இருக்காது.

இவற்றை எங்களுக்குப் பயிற்சி தந்த பெண் சொன்னார். செங்கற்பட்டில் நான் மூக்குக்கண்ணாடி மாற்றிக்கொள்ளச் சென்ற கண் மருத்துவரும் சரி என்றார். அம்மருத்துவர் மேலும் ஒன்று சொன்னார். ஒவ்வோர் இமைப்பிலும் கண்ணுக்கு ஒளி வருவது நிற்கிறது. ஆனால் அந்த இருட்டை மூளை நமக்குக் காட்டுவதில்லை. முன்னும் பின்னும் சேர்த்துத் தைத்துவிடுகிறது. கண்ணின் ஈரத்துக்குத் தேவையானதைவிட நாம் மிகுதியாக இமைக்கிறோம். அது ஏன் என்பது இன்னும் முழுமையாகத் தெரியவில்லை என்றார். அன்று வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் என் இமைப்பை எண்ணிக்கொண்டே வந்தேன். எண்ணத் தொடங்கியதும் அது இயல்பு கெட்டுவிட்டது. எப்போது இமைக்க வேண்டும் என்பதே மறந்தாற்போலிருந்தது.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

எங்கள் விசைப்பலகையில் மூன்று தேர்வுகள். இமைப்பு, மூடல், கீழ்ப்பார்வை. நெடுநேரம் இமை இறங்கியிருந்தால் அது மூடலாகவும் இருக்கலாம், மடியிலுள்ள எதையோ குனிந்து பார்ப்பதாகவும் இருக்கலாம். வேறுபாடு தெளிவானது: கீழே பார்க்கையில் இமையின் அடியில் விழியின் ஒரு கீற்று தெரியும், மூடலில் தெரியாது. ஆனால் மூடல் என்று குறித்தால் திரையில் ஒரு பெட்டி திறக்கும். காரணம் எழுத வேண்டும். இரண்டாமவர் ஒருவர் வந்து பார்த்து ஒப்ப வேண்டும். அதற்குள் மற்றவர்கள் நாலைந்து துண்டுகளை முடித்துவிடுவார்கள். நான் சேர்ந்த இரண்டாம் வாரம், ஒரு மூடலுக்குக் காரணம் எழுதி, அதைத் திருத்தி, சந்தி பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைக்காரி, திருக்கழுக்குன்றத்திலிருந்து வருகிறவள், எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இதுக்கெல்லாம் கத எழுதிகினு இருந்தீங்கன்னா நாஸ்தாவுக்கே போவ முடியாது. கீழ பாக்கறான்னு போட்டுட்டு வந்துகினே இருங்க. எல்லாரும் அதான் பண்றோம்."

அவள் சொன்னது மெய். அந்தக் கூடத்தில் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். ஒற்று மிகுமிடத்தில் ஓர் ஒற்றை விட்ட மாணவனை நான் மன்னித்ததில்லை. அந்த நானும் அதைச் செய்தேன். ஒரு மாதத்தில் என் விரல் என்னைக் கேளாமலே கீழ்ப்பார்வை விசைக்குப் போயிற்று.

அடிக்கடி வரும் கண்கள் சிலவற்றை எங்களுக்கு அடையாளம் தெரியும். ஒரு சோடிக் கண்களில், திரையின் வலப்பக்கம் தெரியும் புருவத்தில் ஒரு வெட்டு இருந்தது. பழைய காயத்தின் தழும்பில் மயிர் முளைக்காத சிறு இடைவெளி. அந்தக் கண்கள் மிகவும் களைத்தவை. அவற்றுக்கு நான் எத்தனை முறை கீழ்ப்பார்வை என்று குறித்தேன் என்று எண்ணிவைக்கவில்லை. பலமுறை.

எங்கள் பணிநேரம் காலை ஆறரைக்குத் தொடங்கி இரண்டேகாலுக்கு முடியும். இரண்டரைக்கு நிறுவனத்தின் வேன் புறப்படும். மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டு. ஓட்டுநருக்கு நாற்பது வயதிருக்கும். நான் பள்ளியில் வேலை பார்த்தவள் என்பதால் டீச்சர் என்று அழைப்பார்; நான் தம்பி என்பேன். சதுரங்கப்பட்டினத்துப் பக்கத்து ஊர்க்காரர். பின்னிருக்கையில் உட்காரும் நான் அவரை முகத்துக்கு முகம் பார்த்தது குறைவு. வேனின் உள்கண்ணாடியில் தெரியும் கண்களைத்தான் நாளும் பார்த்தேன். அந்தக் கண்ணாடியில் அவர் புருவத்திலும் ஒரு வெட்டுத் தெரியும். கண்ணாடியில் இடம் வலம் மாறும், திரையில் மாறாது. ஒரே வெட்டை இரு வேறு பக்கங்களில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அவை ஒன்றே என்று தோன்றவில்லை.

வேன் முன்கண்ணாடியின் அடியில் தீப்பெட்டியளவு கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தது. அதைப் பற்றி எவரும் பேசியதில்லை.

பகல் மூன்று மணிக்கு அந்தச் சாலையில் செல்லும் வேனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மதிய உணவு முடிந்திருக்கும். வெயில் வெள்ளையாக எரியும். சன்னல்களை அடைத்துக் குளிரூட்டியைப் போட்டிருப்பார்கள். மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களின் வாசலில் நிற்கும் கற்சிலைகளைத் தாண்டும்வரை சிலர் பேசுவார்கள். அதன்பின் ஒருவர் பின் ஒருவராகத் தலைகள் சாயும். நானும் சாய்வேன். திருக்கழுக்குன்றத்தில் பக்கத்து இருக்கைக்காரி இறங்கும்போது விழிப்பேன், செங்கற்பட்டில் மறுபடி.

கார்த்திகை மாதத்தில் எனக்கு இடக்கை மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. பத்து நாள்கள் துணிப்பட்டை சுற்றியிருந்தேன். பழுப்புநிறப் பட்டை, அதன் நுனி அவிழாதிருக்க என் மகளின் நீலநிற முடிக்கவ்வி ஒன்றை மாட்டியிருந்தேன்.

தை மாதத்தில் ஒரு காலை, வெட்டுப் புருவக் கண்கள் திரைக்கு வந்தன. பகலொளி. ஓட்டுநரின் தோளுக்குப் பின்னே இருக்கைகள், கலங்கிய முகங்கள். இமை இறங்கத் தொடங்கியது. ஐந்து ஃப்ரேம், பத்து, இருபது. மூடியது. விழியின் கீற்று இல்லை. முப்பது, நாற்பது. திறக்கவில்லை. என் விரல் கீழ்ப்பார்வையை அழுத்தியது. அழுத்திய பிறகே, துண்டு மறைவதற்கு முன் உள்ள அந்தச் சிறு இடைவெளியில், பின்னிருக்கையின் சன்னலோரத்தில் ஒரு கையைக் கண்டேன். பழுப்புப் பட்டை. நீலக் கவ்வி.

ஒருபடி பின்செல்ல மென்பொருள் இடங்கொடுக்கும். பின்சென்றேன். அந்தக் காட்சியை முதலிலிருந்து நகர்த்தினேன்.

சன்னலுக்கு வெளியே வெயிலின் வெள்ளை மட்டும். எந்த இடம் என்று தெரியவில்லை. கலங்கிய முகங்களில் கண் தெரியாது. ஆனால் தலைகள் தெரியும். எல்லாத் தலைகளும் சாய்ந்திருந்தன. வண்டி ஏதோ ஒரு மேடு ஏறியிருக்க வேண்டும். அவையெல்லாம் ஒன்றாக எழும்பி, ஒன்றாக அதே பக்கம் விழுந்தன. என் தலை சன்னற் கண்ணாடியில் கிடந்தது. வாய் திறந்திருந்தது போலிருந்தது. அதை உறுதியாகச் சொல்ல முடியாது. முன்னே, மூடிய கண்களின் கீழ், சாம்பல் பட்டைக்கு அடியில், இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடித்திருந்தன. விரல்கள் தளரவில்லை. தொண்ணூற்றேழு ஃப்ரேம்கள். மூன்று நொடிக்குச் சற்று மேல். அந்நேரம் முழுவதும் அந்த வண்டிக்குள் விழித்திருந்தவர் ஒருவரும் இல்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

நான் அங்கே இருந்தேன். எனக்கு அது நினைவில்லை.

மூடல் என்று மாற்றினேன். பெட்டி திறந்தது. காரணம் என்று எழுத வேண்டிய இடத்தில் 'உறங்குகிறார்' என்ற ஒரு சொல்லை எழுத நெடுநேரம் ஆயிற்று.

மேற்பார்வையாளர் கோவைப் பக்கத்து இளைஞர், மரியாதை தவறாதவர். அவரிடம் போய், கீழ்ப்பார்வை என்று நான் முன்பு குறித்தவற்றுள் பல மூடல்கள், அவற்றைத் திரும்ப எடுத்துத் திருத்த வேண்டும் என்றேன். அவர் கணினியைப் பார்த்தார்.

"அந்த பேட்ச் எல்லாம் போன மாசமே போயிருச்சுங்க மேடம். இனி நம்ம கையில இல்லைங்க."

எங்கே போயின என்றேன். அது தமக்கும் தெரியாது என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, எல்லாரும் செய்கிற சிறு பிழைதானே, இயந்திரம் ஆயிரக்கணக்கான குறிகளிலிருந்து கற்கிறது, ஒன்றிரண்டு தவறினால் ஒன்றுமில்லை என்று ஆறுதல் சொன்னார். எல்லாரும் செய்கிற பிழை என்பதே என் அச்சம். மூடிய கண்ணைக் கீழே பார்க்கும் கண் என்று கூடம் முழுவதும் சேர்ந்து சொல்லிக்கொடுத்திருந்தோம்.

அன்று மதியம் மற்றவர்கள் ஏறுமுன் வேனுக்குப் போனேன். ஓட்டுநர் கதவோரம் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நேராகப் பார்த்தேன். இடப்புருவத்தில் வெட்டு. திரையில் கண்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி, கையெழுத்திட்டிருக்கிறேன். ஆகவே எப்படித் தெரியும் என்பதைச் சொல்லாமல், ஓட்டும்போது கண்ணயர்கிறீர்கள் தம்பி என்று மட்டும் சொன்னேன். அவர் சினக்கவில்லை. சிரித்தார்.

"பின்னாடி அத்தினி பேரும் கொறட்ட வுட்டுகினு வர்றீங்க. நான் ஒருத்தன்தான் முழிச்சிகினு கீறேன். என்னப் போயி தூங்கினேன்றீங்களே டீச்சர்."

கண்ணை மூடியதைப் பார்த்தேன் என்றேன்.

"தூங்கினா வண்டி இன்னாத்துக்கு நேரா போவுது? சொல்லுங்க பாப்போம்."

அவர் பொய் சொல்லவில்லை; அதுதான் என்னை நடுங்கவைத்தது. தாம் உறங்கவில்லை என்று அவர் முழுமனத்தோடு நம்பினார். பேச்சினூடே தெரிந்துகொண்டேன்: விடியுமுன் மூன்று மணிக்குச் சிறு லாரியில் கரையிலிருந்து மீன் ஏற்றிச் செங்கற்பட்டுச் சந்தையில் இறக்குகிறார், அங்கிருந்து நேரே எங்களை ஏற்ற வருகிறார். அதைச் சொன்ன பிறகு அவர் குரல் தாழ்ந்தது. ஆபீசில் சொல்லிவிட வேண்டாம் என்றார். வீட்டில் அவர் ஒருவர் சம்பாத்தியம்தான். வண்டி ஓட்டுகிறவன் தூங்குகிறான் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் செங்கற்பட்டிலிருந்து கோவளம் வரை ஒருவரும் சாவியைக் கையில் தரமாட்டார்கள் என்றார். அதுவும் மெய்தான்.

சொன்னால் அவர் பிழைப்புப் போகும். சொல்லாவிட்டால் பன்னிரண்டு பேர், அவரோடு பதின்மூவர், ஒரு நாள் ஒரு புளியமரத்தில் முடிவோம். நான் இரண்டுக்கும் நடுவே கோழைத்தனமான ஒரு வழியைத் தேர்ந்தேன். மறுநாள் முதல் முன்னிருக்கையில் உட்கார்ந்து அவர் கண்களைப் பார்த்துக்கொண்டே வருவது. நீண்ட இமைப்பு வந்தால் பேச்சுக் கொடுப்பது.

பார்க்கப்படுகிறவரின் கண் இயல்பாக இராது என்பதை நான் அறிந்திருக்க வேண்டும். முதல் இரண்டு நாள்கள் அவர் இமைக்கவே அஞ்சினார். மூன்றாம் நாள் சொல்லிவிட்டார்.

"டீச்சர், ரோட்ட பாருங்க. என் மூஞ்சியவே பாத்துகினு வந்தா பேஜாரா கீது."

நான் சாலையைப் பார்ப்பதாகக் காட்டிக்கொண்டு, கண்ணின் ஓரத்தால் எண்ணினேன். இறங்கும் நேரம், மூடும் நேரம், ஏறும் நேரம். குறில், குறில், நெடில். காலை ஆறரை முதல் திரையில் எண்ணியதையே இரண்டரைக்கு மேலும் எண்ணினேன். இரவிலும் நன்றாக உறங்கவில்லை. உறங்கும் கணவரின் இமைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, மாமல்லபுரத்தைக் கடந்து மேற்கே போய்க்கொண்டிருந்தோம். தொலைவில் கழுக்குன்றத்து மலை முன்னால் தெரிந்தது. அதன் உச்சியில் கோயில் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அவருடைய ஓர் இமைப்பு நீண்டாற்போலத் தோன்றியது. சரியாகப் பார்ப்போம் என்று நினைத்தேன். அப்போது அவர் கேட்டார்.

"டீச்சர், அந்தம்மா எறங்கி எவ்ளோ நேரமாச்சி?"

"யாரு? கழுக்குன்றமே இன்னும் வரலியே தம்பி."

நான் முன்னே பார்த்தேன். மலை இல்லை. இருபுறமும் அறுவடை முடிந்த வயல். திரும்பிப் பார்த்தேன். பக்கத்து இருக்கைக்காரியின் இடம் காலி. மலை எங்களுக்குப் பின்னால், எப்போதோ கடந்துவிட்ட தொலைவில் நின்றது.

"நான் தூங்கலை," என்றேன்.

என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது எனக்கே கேட்டது. பொய் சொல்லும் உணர்வு எள்ளளவும் இல்லை. மலை முன்னால் நின்றதற்கும் வயல் வந்ததற்கும் நடுவே ஓர் இருட்டோ ஓர் இடைவெளியோ எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒட்டியே இருந்தன. அவர் வேகத்தைக் குறைத்தார்.

"கண்ணு நல்லா தொறந்துதான் இருந்திச்சி. அந்தம்மா கதவாண்ட நின்னு பேசிச்சி. நீங்க அந்தம்மாவையே பாத்துகினு கீறீங்க, ஒரு வார்த்த பேசல." கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல், "நானும் இப்டித்தான் சொன்னேன் இல்ல டீச்சர்?" என்றார்.

மறுநாள் பக்கத்து இருக்கைக்காரியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். இறங்கும்போது என்னிடம் ஏதோ சொல்லிக் கையசைத்தாளாம். நான் இமைக்காமல் அவளைப் பார்த்தேனாம். "சாமி பாக்கற மாதிரி பாத்தீங்க அக்கா. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி," என்றாள். என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து இரவெல்லாம் கலங்கியிருக்கிறாள்.

அன்று மதியம் புறப்படுமுன் ஓட்டுநரே என்னிடம் வந்தார். ஆள் மாறியிருந்தார். கண்ணை மூடியதை நான் எங்கே பார்த்தேன் என்று கேட்டார். விதியை மீறினேன், சொன்னேன். கறுப்புப் பெட்டியை நெடுநேரம் பார்த்தார். எத்தனை நேரம் என்றார். மூன்று நொடி என்றேன். அவர் விரலால் ஸ்டியரிங்கில் ஒன்று, இரண்டு, மூன்று என்று மெதுவாகத் தட்டிப் பார்த்தார். மூன்றாவது தட்டுக்குப் பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

மாமல்லபுரம் தாண்டியதும் சாலையோரத்துப் புளியமர நிழலில் வண்டியை நிறுத்துவது, அவர் பத்து நிமிடம் கண்ணை மூடுவது, பிறகு புறப்படுவது என்று இருவரும் முடிவு செய்தோம். அப்படியே நிறுத்தினார். பின்னிருந்து குரல்கள் எழுந்தன. செங்கற்பட்டில் ரயிலேறி மதுராந்தகம் போகிறவர் ஒருவர், எங்கள் கூடத்திலேயே மூத்தவர், காரணம் கேட்டார். டிரைவர் சிறிது நேரம் தூங்க வேண்டும் என்றேன்.

"இன்னா டீச்சர், தாலாட்டு ஏதாவது பாடப்போறீங்களா? எனக்கு ட்ரெயின் போயிடும்மா."

எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து அவர்களைப் பார்த்து நின்றேன். வகுப்பில் நிற்பதுபோல் நின்றேன் என்று பின்னர் கேலி செய்தார்கள். "கார்த்திகை மாசத்துல ஒரு நாள், இந்த வண்டி ஓடிகிட்டு இருக்கும்போது மூணு நொடிக்கு உள்ளே யாருமே முழிச்சிருக்கலை. நான் ஸ்கிரீன்ல பார்த்தேன். நானும் தூங்கிகிட்டுதான் இருந்தேன்."

சிரிப்பு நின்றது. அந்த வேலையைச் செய்கிறவர்கள் அவர்கள். அதிகம் விளக்க வேண்டியதில்லை. யார் யார் விரல் எந்த விசையை அழுத்தியது என்பதை ஒவ்வொருவரும் அறிவர். மதுராந்தகத்துக்காரர் மெல்லிய குரலில் சொன்னார்.

"நான் வண்டில தூங்கறதே இல்ல. சும்மா கண்ண மூடிகினு வருவேன், அவ்ளோதான்."

அவருக்கு அடுத்திருந்தவளும் அதையே சொன்னாள்; வேறொருவரும். தாம் உறங்கினோம் என்று ஒப்பியவர் ஒருவர் இல்லை. எவர் குரலிலும் பொய் இல்லை.

ஓட்டுநர் எஞ்சினை அணைத்து, சக்கரத்தின்மேல் கைகளைக் கோத்து, அதன்மேல் தலையைச் சாய்த்தார். ஒரு நிமிடத்துக்குள் மூச்சு மாறியது. வண்டிக்குள் புழுக்கம் ஏறியது. சன்னலைத் திறக்க ஒருவரும் அசையவில்லை, ஓசைக்கு அஞ்சினார்கள். பன்னிரண்டு பேரும் ஓட்டுநரின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு, ஒருவரையொருவர் பாராமல், இமைகொட்டாமல் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் லாரிகள் கடக்கும்போதெல்லாம் வேன் சிறிதளவு ஆடியது. முன்னிருக்கையிலிருந்த எனக்கு அவர் ஒரு பக்கக் கண் தெரிந்தது. மூடிய இமையின் அடியில் விழி இடமும் வலமுமாக நகர்ந்துகொண்டிருந்தது, ஒரு சாலையைப் பார்ப்பதுபோல.

பத்து நிமிடம் ஆனதும் தோளைத் தொட்டேன். அவர் நிமிர்ந்தார். முதல் கேள்வி, "நான் தூங்கினேனா?" என்பதுதான். ஆம் என்று பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். அவர் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

அந்த நிறுத்தம் வழக்கமாயிற்று. மதுராந்தகத்துக்காரர் அடுத்த ரயிலுக்கு மாறிக்கொண்டார். மாசி முடிவில் மீன்வண்டியை ஓட்டுநர் தம் மைத்துனரிடம் விட்டுவிட்டார். அதனால் அவர் வீட்டில் நேர்ந்த நெருக்கடியை அவர் என்னிடம் சொன்னதில்லை; நானும் கேட்டதில்லை. நிறுவனத்துக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். என் குறிகளில் பல பொய் என்றும், விதியை மீறி வெளியே பேசினேன் என்றும், அந்தப் பழக்கம் கூடம் முழுவதற்கும் உரியது என்றும் எழுதினேன். பதிவு செய்துகொண்டோம் என்று ஒற்றை வரியில் விடை வந்தது. மூடலுக்கான பெட்டி அப்படியே இருந்தது. நான் ஒவ்வொரு மூடலுக்கும் காரணம் எழுதினேன். என் எண்ணிக்கை கூடத்திலேயே கடைசியாயிற்று. சித்திரையில் வேலையை விட்டேன். அவர் இன்றும் அந்த வேனை ஓட்டுகிறார். சென்ற வாரம் செங்கற்பட்டு நிலையத்தருகே பார்த்தேன்.

எனக்குத் தெரியாதவை இவை. அந்தத் தொண்ணூற்றேழு ஃப்ரேம்களின்போது வண்டி எந்த இடத்தில், எந்த வேகத்தில் சென்றது என்று தெரியாது. அது சாலையை விட்டு விலகாததற்குக் காரணம் தெரியாது. அந்தக் கறுப்புப் பெட்டி அன்று ஒலியெழுப்பும் நிலையில் இருந்ததா என்று தெரியாது. நான் பயணம் செய்த நாள்களில் அது ஒருமுறையும் ஒலிக்கவில்லை. எங்கள் கூடம் கீழ்ப்பார்வை என்று குறித்தவற்றைக் கற்ற இயந்திரம் எந்தெந்த வண்டிகளில் பொருத்தப்பட்டிருக்கிறது, அவற்றை ஓட்டுவோர் யார், அவர்களுக்குப் பின்னால் உறங்கி வருவோர் யார் என்பது எனக்குத் தெரியாது. இவற்றைக் கேட்டுப் பின்னர் நிறுவனத்துக்கு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் விடை வரவில்லை.